பனையோலைத் தொப்பி இருக்கா? லூஃபி ரெடி! - கையைக் கடிக்காத காஸ்பிளே

ராத்திரி ஒன்பது மணிக்கு, சாப்பிட்டுப் படுக்கப்போகும் நேரத்தில்தான் குழந்தைக்கு ஞாபகம் வரும். ''அம்மா, நாளைக்கு ஃபேன்ஸி டிரெஸ் காம்படிஷன். நான் பாரதியார்!'' அடுத்த அரை மணி நேரத்தில் அப்பாவின் வெள்ளைத் துண்டு தலைப்பாகை ஆகும். கண்மை மீசை ஆகும். கறுப்புக் கோட்டுக்காகப் பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படும். காலையில் குட்டி பாரதி பள்ளி வேனில் ஏறிவிடுவார்.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து இப்போது காலேஜுக்குப் போகிறார்கள். பாரதியாருக்குப் பதில் நரூட்டோ, லூஃபி, ஸ்பைடர்மேன். மாறுவேடப் போட்டிக்குப் பதில் காஸ்பிளே. காஸ்ட்யூம், பிளே என்ற இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்து 1980-களில் ஜப்பானியர் நோபுயுகி டகஹாஷி உருவாக்கிய சொல் இது. பிடித்த கதாபாத்திரம் மாதிரி உடுத்துவது மட்டுமல்ல, அதுவாகவே நிற்பதும் நடப்பதும் பேசுவதும்தான் காஸ்பிளே. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'காமிக் கான்' முதன்முறையாகச் சென்னைக்கு வந்தபோது, ''இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்'' என்று நினைத்திருந்த பெற்றோர் பலருக்கும் விஷயம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

கூடவே பில்லும் வந்தது. ஆன்லைனில் ரெடிமேட் உடை, விக், கையில் பிடிக்க ஒரு வாள் என்று கார்ட்டில் போட்டால் சில ஆயிரங்கள் சுலபமாகத் தாண்டிவிடும். ''ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதையா இருக்கே!'' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் தப்பே இல்லை.

ஆனால், காஸ்பிளே பிறந்ததே வீட்டுத் தையலில்தான். 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் என்ற ரசிகரும் அவருடைய தோழி மிர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மனிதர்கள் மாதிரி உடுத்திப் போனார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில். கடையில் வாங்கியது அல்ல, வாடகைக்கு எடுத்ததும் அல்ல. இன்றைக்கும் ஜப்பானின் நகோயாவில் நடக்கும் உலக காஸ்பிளே போட்டி மாதிரியான பெரிய மேடைகளில் சொந்தமாகச் செய்த உடைக்குத்தான் மரியாதை.

கோடிகளில் புரளும் சினிமாவே இந்த விஷயத்தில் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கிறது. 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹீரோ பிடித்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடி என்ன தெரியுமா? பழைய 'கிராஃப்லெக்ஸ்' கேமராவின் ஃபிளாஷ் பிடிதான். செட் டெகரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் லண்டன் கேமராக் கடை ஒன்றில் அதைத் தேடிப் பிடித்து, மேலே ரப்பர் பட்டைகளை ஒட்டினார். வாள் தயார். அடுத்த வருடம் வந்த 'ஹாலோவீன்' படத்தில் கொலைகாரன் மாட்டியிருக்கும் அந்த நடுங்கவைக்கும் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் முக அச்சில் செய்த கடைச்சரக்கு. விலை இரண்டு டாலருக்கும் குறைவு. கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். அவ்வளவுதான்!

இந்தச் சிக்கனத்தையே கலையாக்கியவர் தாய்லாந்துக்காரர் அனுச்சா செங்சார்ட். 'லோகாஸ்ட் காஸ்பிளே' என்ற பெயரில் 2013 வாக்கில் ஃபேஸ்புக்கில் படம் போடத் தொடங்கினார். ஒரு பக்கம் நிஜக் கதாபாத்திரம், மறுபக்கம் அவர். உடம்பில் இருப்பதோ காய்கறி, பிளாஸ்டிக் சாமான், துவைக்கப் போட்ட துணி. பார்த்ததும் முதலில் சிரிப்பு வரும். உடனே, ''அட, அப்படியே இருக்கே!'' என்று தோன்றும். 2016-ல் 'டைம்' பத்திரிகை அடுத்த தலைமுறைத் தலைவர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

அவர் படங்கள் ஏன் 'அப்படியே' இருக்கின்றன? எல்லாவற்றையும் அவர் நகல் எடுப்பதில்லை. தூரத்திலிருந்து ஒரு கதாபாத்திரத்தை நாம் அடையாளம் காண்பது இரண்டு மூன்று விஷயங்களால்தான். உருவத்தின் வெளிக்கோடு, முக்கிய நிறம், கையிலோ தலையிலோ ஒரு பொருள். காசையும் நேரத்தையும் அந்த இரண்டு மூன்றில் போட்டால் மீதியை வீட்டு அலமாரி பார்த்துக்கொள்ளும்.

யாராக மாறுவது?

பட்ஜெட்டில் பாதி மிச்சமாவது இந்தக் கேள்வியில்தான். பசை, பெயின்ட் எல்லாம் அப்புறம். முதல் காஸ்பிளேக்கே இரும்புக் கவசம் போட்ட அயர்ன்மேனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பாதி முதுகுத் தகடு செய்ததோடு பரீட்சை வந்து நின்றுபோகும் கதைகள் ஏராளம்.

'டெத் நோட்' தொடரில் வரும் துப்பறிவாளன் 'எல்', ஏழைகளின் தெய்வம்! முழுக்கை வைத்த வெள்ளை டி-ஷர்ட், தொளதொள ஜீன்ஸ், செருப்பில்லாத கால், தூங்காத கண்ணுக்குக் கீழே கருவளையம். பரீட்சை நேரத்தில் பாதி காலேஜ் மாணவர்கள் மேக்கப் இல்லாமலே இப்படித்தான் இருக்கிறார்கள். நாற்காலியில் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலை உதட்டில் வைத்தால்தான் அது 'எல்'. அந்த உட்காரும் விதத்துக்குச் செலவு கிடையாது, கண்ணாடி முன்னால் பழக வேண்டும்.

பெண் குழந்தைகளுக்கு 1989-ல் வந்த 'கிகிஸ் டெலிவரி சர்வீஸ்' படத்துக் குட்டிச் சூனியக்காரி கிகி. அடர்ந்த நிறத்தில் எந்த அலங்காரமும் இல்லாத தொளதொள கவுன், தலையில் பெரிய சிவப்பு ரிப்பன், ஒரு துடைப்பம், ஒரு கறுப்புப் பூனை. பழைய நைட்டிக்குச் சாயம் போட்டால் கவுன். பூனைக்கு ஒற்றைக் கறுப்பு சாக்ஸில் பஞ்சு அடைத்து, இரண்டு காது தைத்தால் போதும். ரிப்பன் மட்டும் உள்ளே மெல்லிய கம்பி வைத்து விறைப்பாக நிற்க வேண்டும். தொங்கிப்போனால் யாருக்கும் கிகி தெரியமாட்டாள்.

லூஃபிக்கு வருவோம். எய்ச்சிரோ ஓடா 1997-ல் தொடங்கிய 'ஒன் பீஸ்' காமிக்ஸின் கடல்கொள்ளை நாயகன். அவன் அடையாளமே தலையில் இருக்கும் வைக்கோல் தொப்பி. திருச்செந்தூர், ராமேஸ்வரம் பக்கம் போனால் பனையோலைத் தொப்பி கிடைக்கும். அகலமான சிவப்புத் துணியைச் சுற்றி ஒட்டினால் பாதி லூஃபி வந்தாயிற்று. பழைய சிவப்புச் சட்டையின் கையை வெட்டினால் மேலுடுப்பு. சாயம் போன ஜீன்ஸை முட்டிக்குக் கீழே வெட்டி மடித்தால் கால்சட்டை. காலுக்கு ஹவாய் செருப்பு. இடது கண்ணுக்குக் கீழே தையல் போட்ட தழும்பு ஒன்று. பழுப்பு ஐலைனரில் ஒரு சின்ன வளைவு, குறுக்கே இரண்டு கோடு. கதையின் பிற்பகுதி லூஃபி வேண்டுமென்றால் சட்டைக் கையை வெட்டாமல் விட்டு, மஞ்சள் துணியை இடுப்பில் கட்டி, நெஞ்சில் பெருக்கல் குறி மாதிரித் தழும்பு போட வேண்டும். வீட்டில் பழைய துணி இருந்தால் மொத்தச் செலவு 300 ரூபாயைத் தாண்டுவதே கஷ்டம். சுருக்கென்று ஒரு சிரிப்பு சிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். லூஃபி அழுமூஞ்சியாக நின்றால் தொப்பி வியாபாரி மாதிரிதான் இருக்கும்!

அட்டையும் ஃபோமும்

கவசம், கேடயம், வாள் என்று இறங்குபவர்களுக்கு முதல் தோழன் அட்டைப்பெட்டி. ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் விற்கும் கடையில் கேட்டால் பெரிய பெட்டியைச் சும்மாவே தருவார்கள். அட்டைக்குள் வரிவரியாக ஓடும் நெளிவைக் கவனிக்க வேண்டும். அந்த வரியின் போக்கில் உருட்டினால் அழகாக வளையும், குறுக்கே வளைத்தால் ஒடியும். தோள், மார்பு மாதிரி வளைவான இடங்களுக்கு ஒரு பக்கத் தாளை லேசாக ஈரப்படுத்தி உரித்துவிட்டால் துணி மாதிரி வளைந்துகொடுக்கும்.

அளவு எடுக்க டெய்லர் வேண்டாம். கிழிந்தாலும் பரவாயில்லை என்ற டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். கவசத்தின் கோடுகளை அதன்மேல் பேனாவால் வரைந்து, முதுகுப்பக்கம் வெட்டிக் கழற்றி, துண்டு துண்டாகப் பிரித்துப் பரப்பினால் அதுதான் பேட்டர்ன். வெட்டும்போது உள்ளே ஆள் இருக்கிறார் என்பது மறந்துவிடக் கூடாது. முனை மழுங்கிய கத்தரிக்கோல் உத்தமம்.

தெர்மாகோல் எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ப்ரே பெயின்ட் பட்டாலோ, செருப்பு ஒட்டும் மஞ்சள் பசை பட்டாலோ தெர்மாகோல் ஐஸ்க்ரீம் மாதிரி உருகிவிடும். அவற்றில் இருக்கும் கரைப்பான்தான் காரணம். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசையும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டும் பயமில்லை. ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் முதலில் ஃபெவிகாலில் நியூஸ்பேப்பர் துண்டுகளை நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவைத்துவிட வேண்டும். கொலு பொம்மைகளில் வரும் காகிதக்கூழ் வேலையின் தம்பிதான் இது. மைதா பசை காய்ச்சலாம், செலவு இன்னும் குறையும். ஆனால், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். முகத்தில் மாட்டும் பொருளில் அந்த விஷம் வேண்டவே வேண்டாம்.

அட்டையில் கை பழகியபின் ஈவா ஃபோம். ஹவாய் செருப்பு, குழந்தைகள் விளையாடும் புதிர்ப்பாய் எல்லாம் இந்த ஜாதிதான். ஸ்டேஷனரி கடையில் ஏ4 அளவு மெல்லிய ஷீட்டுகள் பாக்கெட்டாகக் கிடைக்கும். தடிமன் வேண்டுமென்றால் செருப்புக்கான மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேட்கலாம். சென்னையில் பெரியமேடு அதற்குப் பேர்போன இடம். வெட்டிய துண்டைச் சூடுபடுத்தி வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வளைவு அப்படியே நிற்கும். இதற்கு ஹீட் கன் வேண்டும். ஒரு காஸ்பிளேக்காக அதை வாங்க வேண்டாம். வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்காரர் கொஞ்சம் பழக்கமானவராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் வளைத்தே கொடுத்துவிடுவார். மெல்லிய ஷீட்டுக்கு, மேலே பட்டர் பேப்பர் வைத்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தாலே போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய யோகா மேட்டை வெட்டுபவர்கள் அது எதனால் ஆனது என்று பார்த்துவிட வேண்டும். பல யோகா மேட்டுகள் பி.வி.சி. அதைச் சூடாக்கினால் கண்ணையும் மூச்சையும் அரிக்கும் வாயு வரும். ஈவா என்று தெரியாத எதையும் சூடாக்காமல் இருப்பது நல்லது. ஈவாவாகவே இருந்தாலும் இந்த வேலைக்கு மொட்டை மாடிதான் சரி. கதவு சாத்திய பெட்ரூம் கூடாது.

பெயின்ட் அடிக்கும் முன்னால் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மூன்று நான்கு முறை பூசிக் காயவைத்தால் ஃபோமின் துளைகள் அடைபடும். அடுத்து முழுக்கக் கறுப்பு. அதன்மேல், சில்வர் பெயின்ட்டில் தோய்த்துப் பேப்பரில் துடைத்த, கிட்டத்தட்டக் காய்ந்துபோன பிரஷ்ஷால் விளிம்புகளில் மட்டும் தேய்க்க வேண்டும். இரும்பு வந்துவிடும்! முழுக்க சில்வர் அடித்தால் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளக்கும், போர்க்கவசம் மாதிரி இருக்காது. இந்த ஒரு வித்தை தெரிந்தால் 50 ரூபாய் ஷீட் 5,000 ரூபாய்ப் பொருளாகத் தெரியும்.

கனமாகத் தெரிய வேண்டும், கனமாக இருக்கக் கூடாது என்ற இந்தக் கணக்கு நம் ஊர்க் கலைஞர்களுக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் துரியோதனன் கட்டும் கிரீடமும் புஜகீர்த்தியும் கல்யாண முருங்கை மாதிரி லேசான கட்டையில் செதுக்கியவை. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டியிருப்பார்கள். விடிய விடியச் சுற்றிச் சுழன்று ஆட வேண்டும், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் மின்ன வேண்டும். இரண்டும் நடக்கிறது. மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்குக் கருப்பசாமி வேடம் போடுபவர்களுக்குத் துணி தைத்தே தலைமுறைகளாகப் பிழைத்த தையல்காரர்கள், புதுமண்டபத்தை நிரப்பியிருந்தார்கள். வேண்டுதல் வேறு, விளையாட்டு வேறுதான். ஆனாலும், சம்கி ஒட்டவும் ஜரிகை தைக்கவும் கற்றுக்கொள்ள யூடியூப் மட்டும்தான் வழி என்று இங்கே யாரும் நினைக்க வேண்டியதில்லை.

முடி விஷயத்தில் சின்னக் குறிப்பு. மலிவான விக் எல்லாம் பிளாஸ்டிக் நார். ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் முக்கி, வேண்டிய வடிவத்தில் கட்டிவைத்துக் காயவிட்டால் படியும். பழைய சவுரி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஸ்டாக்கிங்ஸ் தொப்பியில் கம்பளி நூலை வரிசையாகத் தைத்தால், நீலம், பச்சை, ரோஸ் என்று எந்த நிறத்திலும் அனிமே முடி தயார்.

இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

துணி, அட்டை, பசை எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். முகத்தில் மட்டும் கூடாது. கையில் 200 ரூபாய் மீதி இருந்தால் அது மேக்கப்புக்குத்தான் போக வேண்டும்.

ஹல்க்குக்குப் பச்சை, ஜோக்கருக்கு வெள்ளை என்றதும் பலர் எடுப்பது வீட்டில் இருக்கும் அக்ரிலிக் அல்லது போஸ்டர் கலர். டப்பாவில் 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருக்கிறதே என்பார்கள். சொன்னபடி பயன்படுத்தினால் விஷமில்லை என்பதுதான் அதன் அர்த்தம். தோலில் பூசலாம் என்பதல்ல. காய்ந்த அக்ரிலிக் தோலை இழுத்துப் பிடிக்கும், உரிக்கும்போது மேல்தோலும் கண்ணிமை முடியும் சேர்ந்து வரும். முகத்துக்கென்றே விற்கும் ஃபேஸ் பெயின்ட்டில் தேவையான ஒரே ஒரு நிறத்தின் சின்ன டப்பாவை வாங்கினால் போதும். முழு செட் அவசியமில்லை. தழும்பு, காயம், கருவளையத்துக்கு லிப்ஸ்டிக், ஐ ஷேடோ, கண்மையே அமர்க்களமாக வேலை செய்யும். எந்தப் பூச்சையும் முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ வந்தால் அது முகத்துக்கு இல்லை. குங்குமத்தையும் கோலப்பொடியையும் குழைத்துப் பூசும் யோசனைக்கும் இதே பதில்தான். ஒட்டு வேலைக்கு வைத்திருக்கும் ஜிகினாத் தூள் கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கலர் லென்ஸ். அனிமே கண்ணுக்கு ஆசைப்பட்டு, கண் டாக்டரிடம் அளவு பார்க்காமல் மாட்டினால் கருவிழியில் புண் வரலாம். கிருமித்தொற்று முற்றினால் பார்வையே போகலாம். அமெரிக்காவில் அழகுக்காகப் போடும் லென்ஸைக்கூட டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது சட்டவிரோதம். ஃப்ரெண்டோடு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம். கண் நிறம் கேமராவில் பத்தடியில் தெரியவே தெரியாது. ஐலைனரால் கண்ணைப் பெரிதாகக் காட்டுவது தெரியும்.

நிறம் என்றதும் இன்னொரு பேச்சும் வருகிறது. ''அந்த கேரக்டர் வெள்ளையா இருக்கும், நீ கறுப்பா இருக்கியே'' என்று சொல்லி, நான்கு ஷேடு தூக்கலான ஃபவுண்டேஷனை அப்பிவிடும் அக்காக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இருந்தார்கள். சக்கா கம்பர்பேட்ச் என்ற கறுப்பினப் பெண், 'செய்லர் வீனஸ்' வேடம் போட்டதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதை 2013-ல் எழுதினார். 2015-ல் பிப்ரவரி மாதத்தின் 28 நாட்களும் கறுப்பினக் காஸ்பிளேயர்களின் படங்களைப் பகிரும் இயக்கத்தைத் தொடங்கினார். பச்சை ஹல்க்குக்கு முகத்தில் நிறம் பூசுவது வேடம். சொந்த நிறத்தை மறைக்க மாவு பூசுவது வேடத்தின் பகுதியே இல்லை. லூஃபியை அடையாளம் காட்டுவது தொப்பியும் சிரிப்பும்தான். அந்தச் செலவையும் மிச்சம் பிடிக்கலாம்.

கிளம்பும் முன்னால்

குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டி வரும் பக்தர்களிடம், இரும்பில் செய்த சூலம், வாள் கொண்டுவர வேண்டாம் என்று போலீஸ் சொல்வதுண்டு. கூட்டத்தில் யார் மீதாவது பட்டால் என்ன ஆகும் என்ற கவலைதான். காஸ்பிளே அரங்க வாசலிலும் அதே சோதனை உண்டு. நிஜ ஆயுதத்துக்கோ கூரான உலோகத்துக்கோ அனுமதி கிடைக்காது. அட்டையும் ஃபோமும் செலவுக்கு மட்டுமல்ல, இதற்கும் நல்லது. வழியில் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் வாளை ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்துப்போவது புத்திசாலித்தனம். அது அட்டை என்று செய்தவருக்குத் தெரியும், பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது.

முதல் நாள் ராத்திரியே முழு வேடத்தையும் போட்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும். உட்கார முடிகிறதா? கையைத் தூக்க முடிகிறதா? பக்கவாட்டில் வருபவர் தெரிகிறாரா? பாத்ரூம் போக எத்தனை பேர் உதவி வேண்டும்? நம் ஊர் வெயிலில் ஃபோம் கவசம் என்பது ஏறக்குறைய இட்லிப் பானை. உள்ளே பருத்தி பனியன், அடிக்கடி தண்ணீர், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றுவது என்று இருந்தால் மயக்கம் வராது. கைப்பையில் ஊக்கு, ஊசி நூல், இரட்டைப்பக்க டேப் கட்டாயம். ஏதாவது ஒன்று அறுந்தே தீரும்.

வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், மேக்கப்போடு படுக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் தடவி, பஞ்சால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் போதும். ஃபோம் துண்டுகளை வெயில் காயும் பரணில் போட்டால் கோணிவிடும். பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம். துண்டுகளை நிரந்தரமாக ஒட்டாமல் வெல்க்ரோவில் பிணைத்திருந்தால் இன்னும் வசதி. அதே தோள் கவசத்துக்குச் சிவப்பு அடித்தால் அடுத்த வருடம் வேறு கேரக்டர். இடுப்பில் கட்டிய மஞ்சள் துணி அம்மாவின் துப்பட்டா என்றால் மட்டும், அவர் தேடுவதற்கு முன்னால் துவைத்து மடித்து வைத்துவிடுவது நல்லது.